நாலு மணி நேர மாப்பிள்ளை

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குஞ்சு முகம்மது, மகள் ரிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

“சுபுஹு தொழுதுட்டு நான் இங்கிருந்து கெளம்புனா, லுஹருக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள என்ற மவ ஊட்டு வாசல்ல நிக்கோணும். அவ்வளவுதானுங்க. மத்ததெல்லாம் அவபாடு.”

விடியற்காலைத் தொழுகைக்கும் நடுப்பகல் தொழுகைக்கும் இடையில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியுமோ, அந்த வட்டத்துக்குள்தான் அவருடைய மருமகன் பிறந்திருக்க வேண்டும். ஊரில் சிரித்தார்கள். ஆனால் காரணம் தெரிந்தவர்கள் அவர் எதிரில் சிரிக்க மாட்டார்கள்.

காரணம் அவருடைய அக்கா ரஜீனா. அவளை வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சில வருடம் முன்பு ஒரு ஆடி மழையில், காலையில் அக்காவின் மவுத்துச் செய்தி வந்தது. குஞ்சு முகம்மது கடையைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு பஸ் ஏறினார். பொள்ளாச்சியில் ஒரு பஸ், பழனியில் ஒரு பஸ், தேனியில் ஒன்று, கம்பத்தில் ஒன்று. மேலே ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கபுரில் மூன்று பிடி மண் போட்டு முடித்து, கை கழுவி, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மய்யித்தை அடக்கம் செய்யாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பது மார்க்கத்தில் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. ஆள் மேல் காட்ட முடியாத கோபத்தை அவர் தூரத்தின் மேல் காட்டினார்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த ரஜீனாவின் மகன்தான் பாசில். முறை மாப்பிள்ளை. அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்தை இப்போது அவன்தான் பார்க்கிறான். ரிஸ்வானாவைக் கேட்டு அவன் ஆள் அனுப்பியிருந்தான். ரிஸ்வானாவுக்கும் சம்மதம் என்பது, அவள் வாயைத் திறக்காமலேயே வீட்டுச் சுவருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

“அவன் தங்கமான பையன். ஆனா வண்டன்மேடு வேண்டாம்” என்றார் குஞ்சு முகம்மது. “அந்தத் தூரம் என்னைய ஒரு தரம் ஏமாத்திப் போட்டுது.”

இந்த நேரத்தில்தான் சூசையப்பன் உள்ளே வந்தார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஜெராக்ஸ் எடுப்பது, விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது, நடுவில் கொஞ்சம் கல்யாணத் தரகு, இதெல்லாம் அவருடைய தொழில். மத்தியானம் கடைக்கு வந்து, அலுமினிய அண்டா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“பாய், உங்களுக்கு ஏத்த மாப்பிள்ளை வந்துருக்குதுங்க. இர்பான்னு பேரு. பையனோட அப்பங்காரர் சிக்கந்தர், நம்ம புதுநகரத்துக்காரரு. சோத்துக் கடை வச்சிருக்காங்க.”

“எங்கே?”

“கோலாலம்பூர்ல.”

குஞ்சு முகம்மது அவரை அண்டாவிலிருந்து எழுப்பிவிடுவது போலப் பார்த்தார்.

“சூசை, நான் வண்டன்மேட்டையே தூரம்ங்கறேன். நீ கடலுக்கு அக்கட்டால போறே.”

“கோவப்படாம இதைப் பாருங்க.” சூசையப்பன் போனை நீட்டினார். ஒரு நீலக் கடல், அதன் மேல் வில் போல வளைந்த ஒரு கோடு. “கொச்சியிலிருந்து கோலாலம்பூர். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பறக்கற நேரம் எவ்வளவு தெரியுங்களா? நாலு மணி நேரம். சொச்சம் கால் மணி. வண்டன்மேட்டுக்கு நீங்க பஸ்ஸுல போனா எவ்வளவு ஆகும்? எட்டா, ஒம்போதா?”

“மண்ணு சரியாம இருந்தா எட்டு.”

“ஆனா வானத்துல கோடு போட்டா வண்டன்மேடு நூத்திருபது கிலோமீட்டர்தானுங்க. அதனால காக்காய்க்குப் பொண்ணு குடுக்கறதா இருந்தா வண்டன்மேடு பக்கம். மனுசனுக்குக் குடுக்கறதா இருந்தா கோலாலம்பூர்தான் பக்கம்.”

குஞ்சு முகம்மது வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவர் போட்ட கணக்கு, அவரே கேட்காத ஒரு விடையைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்திவிட்டது.

வீட்டில் மனைவி ரஹீமாவுக்கு உடனே பிடித்துப் போனது. “நாலு மணி நேரம்னா, இங்கிருந்து குருவாயூர்ப் பக்கம் போற பஸ்ஸு அதைவிட நேரமாகுதுங்களே” என்றாள். இரண்டே நாளில் தெருவில் இருக்கிற நாலு வீட்டுக்காரிகளும் கோலாலம்பூரை ஏதோ கோவிந்தாபுரத்துக்கு அடுத்த ஊர் மாதிரி பேச ஆரம்பித்தார்கள்.

ரிஸ்வானா மட்டும் அத்தாவின் முன்னால் வந்து நின்றாள். பி.எட். முடித்தவள், சத்தம் போட்டுப் பேசும் வழக்கமில்லை.

“அத்தா, போன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க. நீங்களே போய் அந்த ஊட்டைப் பாத்துட்டு வாங்க. நீங்க சொன்ன மாதிரியே சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புங்க. லுஹருக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டா, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சேரலைன்னா நீங்க பேசக் கூடாது.”

“வாக்குத் தவற மாட்டியே?”

“நான் உங்க மவ அத்தா.”

நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. உம்ராப் பயணத்துக்கென்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தது. சூசையப்பன் டிக்கெட் போட்டார். போவது வியாழக்கிழமை, திரும்புவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் விலை குறைவாம். தங்குவதற்கு அங்கே தெரிந்த லாட்ஜ் ஒன்றும் ஏற்பாடு.

புறப்படுவதற்கு முன் ரஹீமா அவருக்கு ஒரே ஒரு புத்தி சொன்னாள்.

“ஏனுங்க, அங்க போயி கை நனைச்சுப் போடாதீங்க.”

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அங்கே சாப்பிடக் கூடாது. ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் அது நாக்கு இல்லாதவன் செய்கிற வேலை.

“அவங்க சோத்துக் கடைக்காரங்க. விட மாட்டாங்க. நீங்க வேற பசி தாங்க மாட்டீங்க.”

குஞ்சு முகம்மது இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வியாழக்கிழமை, கடமையில்லாவிட்டாலும் நன்மைக்காகச் சுன்னத்து நோன்பு வைக்கிற நாள். நோன்பு வைத்துக்கொண்டு போய்விட்டால் யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த முடியாது. லுஹருக்கு முன் போய், வீட்டைப் பார்த்து, பையனைப் பார்த்து, பிற்பகல் அசருக்கெல்லாம் லாட்ஜுக்கு வந்துவிட்டால், சூரியன் மறையும் மஃரிபு நேரத்தில் சொந்தக் காசில் நோன்பு திறந்துகொள்ளலாம். கை நனையாது, மனசும் புண்படாது. நன்மை வேறு கிடைக்கும்.

“மூளைன்னா இதுதானுங்க” என்றாள் ரஹீமா. கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை சுபுஹு தொழுத கையோடு காரில் ஏறினார். பாலக்காடு, திருச்சூர் தாண்டி, கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. விமானம் எங்கே என்று பார்த்தார். வரிசைதான் இருந்தது. ஒரு வரிசை முடிந்த இடத்தில் இன்னொரு வரிசை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். ரஹீமா பொட்டலம் கட்டிக் கொடுத்த பேரீச்சம்பழம் பெரிய பெட்டிக்குள் போய், பெட்டி எங்கோ உள்ளே போனது. எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தால், இன்னும் நேரமிருக்கிறது என்று சொன்னார்கள்.

சூசையப்பன் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன நாலு மணி நேரம் சுத்தமான நாலு மணி நேரம்தான். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

விமானம் மேலே ஏறியது. ஜன்னலுக்கு வெளியே மேகம். லுஹர் நேரம் கடலுக்கு மேலேயே வந்தது, போனது. அவர் உட்கார்ந்தபடியே தொழுதுகொண்டார். பயணிக்குச் சலுகை உண்டென்பதால் அசரையும் சேர்த்தே தொழுதார். பக்கத்து சீட்டுக்காரர் கோழிச் சோற்றைப் பிரித்தார். அந்த வாசனையை ஆண்டவன் தனக்கு வைத்த சோதனை என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

லுஹருக்கு முன்னால் என்ற கணக்கு கெட்டுப் போய்விட்டது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் மனது ஒரு ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றதெல்லாம் பயணமாகுமா? அது நிற்பதுதானே. நிற்கிற நேரத்தைத் தூரத்தில் எப்படிச் சேர்ப்பது?

கோலாலம்பூரில் இர்பான் காத்திருந்தான். நல்ல உயரம், மரியாதையான பையன். பெட்டியை அவனே வாங்கிக் காரில் வைத்தான். ரோட்டுக்கு வந்ததும் கார் நின்றது. முன்னால் கார், பின்னால் கார்.

“ஜேம் மாமா. வேலை முடியற நேரம் லா. வீடு போக ஒரு மணி நேரமாவது ஆகும்.”

குஞ்சு முகம்மது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு கூட ஆகவில்லை. வெளியே பார்த்தால் வெயில் மஞ்சளாகிச் சாய்ந்துகொண்டிருந்தது.

“மழை இருட்டா தம்பி?”

“இல்லையே மாமா. சாயங்காலம் ஆச்சு. இங்க மணி ஆறு தாண்டிருச்சு. நமக்கும் ஊருக்கும் ரெண்டரை மணி வித்தியாசம். ஊர்ல விடியறதுக்கு முன்னாடியே இங்க விடிஞ்சுரும்.”

ரெண்டரை மணி நேரத்தை எவனோ அவர் பையிலிருந்து அடித்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பசி மட்டும் இந்தியா நேரத்திலேயே இருந்தது.

பேச்சை மாற்றக் கேட்டார்: “அடிக்கடி ஊருக்கு வருவீங்களா தம்பி? நாலு மணி நேரந்தானே.”

இர்பான் சிரித்தான். “பறக்கறதுக்கு நாலு மணி நேரம் மாமா. சீட்டு கெடைக்கறதுக்கு? எங்க நன்னா, அத்தாவோட அத்தா, புதுநகரத்துல மவுத்தானப்ப பெருநாள் சமயம். அத்தாவுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் சீட்டு கெடைச்சுச்சு. அடக்கமெல்லாம் வீடியோவுல பாத்தாங்க. பார்த்துட்டு இருக்கறப்பவே நெட்டு போயிருச்சு.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

வீட்டு வாசலில் சிக்கந்தர் நின்றிருந்தார். வெள்ளைக் கைலி, தொப்பி, கை நிறைய வரவேற்பு. “வாங்க பாய், வாங்க. நம்மூர் ஆளைப் பாத்து எத்தனை நாளாச்சு! முதல்ல சாப்பாடு.”

“இல்லீங்க. நான் நோம்பு.” எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்த வார்த்தையைக் குஞ்சு முகம்மது நிம்மதியாகச் சொன்னார்.

அவர் சொல்லி வாயை மூடவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலித்தது.

சிக்கந்தரின் முகம் பெருநாள் பிறை கண்டது போல ஆனது. “அல்லாஹு! நோம்பாளி நம்ம ஊட்டு வாசல்ல, நோம்பு தொறக்கற நேரத்துல! ஏம்மா, பேரீச்சம்பழத்தை எடு! தண்ணி எடு!”

நோன்பாளிக்கு உணவு கொடுத்தால் கொடுத்தவனுக்கும் அந்த நோன்பின் நன்மை. அதை விட்டுக்கொடுக்க எந்த முஸ்லிமும் சம்மதிக்க மாட்டான். பாங்கு சொன்ன பிறகு நோன்பைத் திறக்காமல் இழுத்தடிப்பதும் நல்லதில்லை. குஞ்சு முகம்மது இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்.

“நான் பள்ளிக்குப் போயி தொறந்துக்கறேனுங்க. அங்க கஞ்சி ஊத்துவாங்கல்ல?”

“தாராளமா போங்க. வியாழக்கிழமை கஞ்சி நம்ம கடைக் கஞ்சிதான்.”

“லாட்ஜுல...”

“பாய், நோம்பு தொறக்கற நேரத்துல லாட்ஜைப் பத்திப் பேசலாமா?”

பெட்டியைத் திறந்து ரஹீமாவின் பொட்டலத்தை எடுக்கலாம் என்று திரும்பினார். பெட்டியை இர்பான் மாடிக்குக் கொண்டு போயிருந்தான். தட்டு மூக்குக்கு நேரே வந்துவிட்டது. பிஸ்மி சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். தொண்டையில் அது இறங்கிய சுகத்தில் ஒரு நொடி எல்லாக் கணக்கும் மறந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! கை நனைச்சாச்சு!” என்றார் சிக்கந்தர். “உக்காருங்க சம்மந்தி.”

அப்போதுதான் போன் அடித்தது. ரிஸ்வானா.

“அத்தா, போய்ச் சேந்துட்டீங்களா?”

“சேந்துட்டேன் கண்ணு.”

“லுஹருக்கு முன்னாடியா?”

பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். பாத்திர வியாபாரிதான். ஆனால் கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு பள்ளியில் பாங்கு தொடங்கி, ஜன்னல் வழியாக வந்து, போனுக்குள் புகுந்துகொண்டது.

“அதென்னங்கத்தா பாங்கு? நாங்க இப்பத்தான் அசரே தொழுதோம்.”

“மஃரிபு” என்றார் அவர்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. “அப்ப நோம்பு தொறந்துட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?” என்றுதான் கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “பாசில் மச்சான் வந்துருக்குதுங்கத்தா” என்றாள்.

“எங்கே?”

“நம்ம ஊட்டுக்குத்தான். நாந்தான் வரச் சொன்னேன். சுபுஹு தொழுதுட்டு வண்டன்மேட்டுல ஜீப்பெடுத்துச்சு. லுஹருக்கு நம்ம பள்ளியில மொத வரிசைல நின்னு தொழுதுது. இமாம்கிட்ட வேணாக் கேளுங்க.”

“உங்கம்மா என்ன சொன்னா?”

“கத்துனாங்க. அப்புறம் சோறு போட்டாங்க. ரெண்டாந்தரம் கறி கேக்கறதுக்கு முன்னாடியே வச்சாங்க.”

குஞ்சு முகம்மது குரலை உயர்த்தினார். “நான் சொன்னது நான் உன்ற ஊட்டுக்குப் போறதுக்கு. அவன் நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கா சொன்னேன்?”

“நீங்க எதுக்குங்கத்தா போவோணும்? உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்கதானே வரோணும்.”

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் மய்யித்துக்குத் தான் நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். முறைப்படி நடந்தால் யாருடைய ஜனாஸா முதலில் வரும், அதற்கு யார் எங்கிருந்து கிளம்பி வர வேண்டும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ரிஸ்வானாவுக்கு மூன்று நாள் கழித்துச் சீட்டுக் கிடைத்து, யாரோ பிடித்த போனில் அத்தாவின் முகத்தைப் பார்த்து, நடுவில் நெட்டும் போய்... இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

“சரி கண்ணு. அவனை இருக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழமை நான் வந்துர்றேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மேஜையில் கறி, மீன், முட்டை, அப்பளம் என்று பரப்பியிருந்தார்கள். சிக்கந்தர் சோற்றுக் கரண்டியோடு நின்றார்.

“சிக்கந்தர் பாய், உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும். உங்க பையன் அருமையான பையன். குத்தம் ஒண்ணுமில்ல. ஆனா என்ற மவளை இவ்வளவு தூரம் குடுக்க முடியாதுங்க. அக்கா மவனுக்கே குடுத்தர்றேன்.”

சிக்கந்தரின் கரண்டி இறங்கியது. “கை நனைச்சீங்களே?”

“நோம்புக்கு நனைச்சேனுங்க. அதோட நன்மை முழுசும் உங்களுக்கு. சம்மந்தத்துக்கு நனைக்கலை.”

இர்பான் தலையைக் குனிந்துகொண்டான். சிக்கந்தர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சூசையப்பன் நாலு மணி நேரம்தான்னு சொன்னாரே பாய்?”

“அவரு வானத்துல இருக்கற தூரத்தைச் சொன்னாருங்க. நாம ரெண்டு பேரும் தரையிலயில்ல இருக்கறோம்.”

சிக்கந்தர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தன் அத்தாவின் அடக்கத்தை வீடியோவில் பார்த்த மனிதர். திரும்பி வந்தபோது கோபம் முகத்தில் இருந்தது, குரலில் இல்லை.

“அப்ப லாட்ஜுக்குப் போறீங்களா?”

“போவோணும்.”

“ஞாயித்துக்கெழமை வரைக்கும் லாட்ஜுல கெடந்து பன்னைத் தின்னுட்டு இருப்பீங்களா? புதுநகரத்துல கேட்டா என்னையத்தானே கேவலமாப் பேசுவாங்க.” இலையை இழுத்துப் போட்டார். “உங்கூர்ல பொண்ணு இல்லைன்னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்து சோறு திங்கறவங்க உண்டா பாய்?”

“இதுவரைக்கும் இல்லீங்க” என்றார் குஞ்சு முகம்மது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுப்புச் சொல்லிவிட்ட பிறகு அந்தச் சோற்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை; வெறும் சோறாக இருந்தது. அதனாலேயே ருசியாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

சிக்கந்தருக்கு மனசு ஆறவில்லை. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “அந்த வண்டன்மேடுங்கறது உங்கூர்லயிருந்து எவ்வளவு நேரம்?”

குஞ்சு முகம்மது வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

“அது எனக்கெதுக்குங்க? வரப்போறவன் அவன்.”